ஆனோடு பிளஸ்ஸா மைனஸ்ஸா? எலக்ட்ரோலிசிஸும் மின்கலமும் குழம்புற இடம்

மின்வேதியியல் பாடத்துல நல்லா படிக்கிற பிள்ளைங்களே தடுமாறுற இடம் ஒண்ணு உண்டு. எலக்ட்ரோலிசிஸ் (மின்சாரத்தைச் செலுத்தி ஒரு பொருளைப் பிரிக்கிறது) படத்துல ஆனோடு பக்கத்துல பிளஸ் போட்டிருக்கும், நாலு பக்கம் தள்ளி டேனியல் செல் (ஜிங்க், காப்பர் வச்ச ஒரு மின்கலம்) படத்துல அதே ஆனோடுக்கு மைனஸ் போட்டிருக்கும். ஏதோ ஒண்ணு அச்சுப்பிழைன்னு தோணும், இல்லேன்னா ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டுப் போய் பரீட்சைல மாத்தி எழுதிட்டு வருவாங்க. ரெண்டு படமுமே சரிதான். பிளஸ் மைனஸை வச்சு ஆனோடு எது கேத்தோடு எதுன்னு கண்டுபிடிக்கப் பார்க்கிறதுதான் சிக்கலே, ஏன்னா அந்தப் பேருக்கும் அந்தக் குறிக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

முதல்ல சொற்கள்

1. ஆக்ஸிஜனேற்றம்: ஒரு பொருள் எலக்ட்ரானை விடறது. ஜிங்க் அணு 2 எலக்ட்ரானை விட்டா ஜிங்க் 2+ அயனி ஆகுது.
2. ஒடுக்கம்: எலக்ட்ரானை வாங்கிக்கிறது. காப்பர் 2+ அயனி 2 எலக்ட்ரான் வாங்கினா காப்பர் உலோகம். ஒருத்தர் விட்டாதான் இன்னொருத்தர் வாங்க முடியும், அதனால இது ரெண்டும் எப்பவும் ஜோடியாத்தான் நடக்கும்.
3. மின்பகுளி: உருகின நிலையிலயோ தண்ணீர்ல கரைஞ்சோ அயனிகளா இருக்கிற பொருள். திட உப்பு மின்சாரம் கடத்தாது, அதுல அயனி இருக்கு ஆனா நகர முடியாது.
4. மின்வாய்: மின்பகுளிக்குள்ள முக்கி வச்சிருக்கிற கடத்தி. உலோகமாவும் இருக்கலாம், கிராஃபைட்டாவும் இருக்கலாம்.
5. ஆனோடு: ஆக்ஸிஜனேற்றம் நடக்கிற மின்வாய். ரெண்டுமே ஆ-ல தொடங்குது, ஞாபகம் வச்சுக்க அது போதும்.
6. கேத்தோடு: ஒடுக்கம் நடக்கிற மின்வாய்.

5லயும் 6லயும் பிளஸ் மைனஸ் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லைங்கிறதை கவனிங்க. இந்தப் பேர்களை மைக்கேல் ஃபாரடே 1834ல புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்குன்னு ஜே.ஜே. தாம்சன் காட்டினதே 1897லதான். அதாவது எலக்ட்ரானைப் பத்தி யாருக்கும் தெரியாத காலத்துலயே மின்வாய்களுக்குப் பேர் வச்சாச்சு, இன்னைக்கு நாம அதை எலக்ட்ரான் கணக்குல படிக்கிறோம்.

எலக்ட்ரானைத் தள்றது யாரு?

ரெண்டு செல்லையும் பிரிக்கிற கேள்வி இது ஒண்ணுதான். தண்ணீர் மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத் தானா ஓடும், வழியில ஒரு சக்கரத்தை வச்சா அதைச் சுத்திட்டுப் போகும், ஆனா பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு ஏத்தணும்னா மோட்டார் வேணும். கால்வானிக் செல் (தானா நடக்கிற வினையிலேர்ந்து மின்சாரம் தர்ற மின்கலம்) முதல் வகை, எலக்ட்ரோலிசிஸ் ரெண்டாவது வகை.

கால்வானிக் செல்லை எடுத்துப்போம். காப்பர் சல்ஃபேட் கரைசல்ல ஒரு ஜிங்க் துண்டை நேரா போட்டா என்ன ஆகும்? நீல நிறம் மங்கும், ஜிங்க் மேல செம்பழுப்பா காப்பர் படியும், கரைசல் கொஞ்சம் சூடாகும். எலக்ட்ரான் ஜிங்க்லேர்ந்து காப்பர் அயனிக்கு அங்கேயே கைமாறிடுது, வந்த ஆற்றல் எல்லாம் வெப்பமா போயிடுது. ஜான் டேனியல் 1836ல பண்ணின வேலை இந்த வினையை ரெண்டு அறையா பிரிச்சு வச்சதுதான். ஜிங்க் தகடு ஜிங்க் சல்ஃபேட்ல, காப்பர் தகடு காப்பர் சல்ஃபேட்ல, நடுவுல வெளிப்பக்கமா ஒரு கம்பி. இப்ப எலக்ட்ரான் காப்பர் அயனிகிட்ட போகணும்னா கம்பி வழியா சுத்தித்தான் போகணும், போற வழியில ஒரு பல்பு இருந்தா அதை எரிய வச்சுட்டுப் போகும்.

இதுல ஜிங்க் அயனியா மாறி கரைசலுக்குள்ள போகும்போது எலக்ட்ரானைத் தகட்டுலயே விட்டுட்டுப் போகுது. அதனால ஜிங்க் தகட்டுல எலக்ட்ரான் கூட்டம் அதிகம், அதனால அது மைனஸ். அங்க நடக்கிறது ஆக்ஸிஜனேற்றம், அதனால அது ஆனோடு. மைனஸ் ஆனோடு வந்த கதை அவ்வளவுதான்.

இப்ப எலக்ட்ரோலிசிஸ். இங்க வினை தானா நடக்காது, வெளியில இருக்கிற டிசி சப்ளைதான் (ஒரே திசையில மின்னோட்டம் தர்றது) கட்டாயப்படுத்துது. சப்ளையோட மைனஸ் முனை ஒரு மின்வாய்க்குள்ள எலக்ட்ரானைத் திணிக்குது, அந்த எலக்ட்ரானை அயனி வாங்கிக்குது, வாங்குறதுன்னா ஒடுக்கம், அப்ப அது கேத்தோடு, குறி மைனஸ். சப்ளையோட பிளஸ் முனை இன்னொரு மின்வாய்லேர்ந்து எலக்ட்ரானை உறிஞ்சுது, அந்த மின்வாய் பதிலுக்கு அயனிகிட்டேர்ந்து பிடுங்குது, அது ஆக்ஸிஜனேற்றம், அப்ப அது ஆனோடு, குறி பிளஸ்.

குறி மாறினாலும் மாறாத விஷயங்கள் மூணு இருக்கு, பரீட்சைக்குப் போறவங்க இதைத்தான் பிடிச்சுக்கணும்:

1. வெளிக்கம்பில எலக்ட்ரான் ஓடுறது எப்பவும் ஆனோடுலேர்ந்து கேத்தோடுக்கு.
2. கரைசலுக்குள்ள நேர் அயனி நகர்றது எப்பவும் கேத்தோடு பக்கம், எதிர் அயனி நகர்றது எப்பவும் ஆனோடு பக்கம்.
3. எலக்ட்ரான் கரைசலுக்குள்ள நீந்திப் போறதே இல்ல. கம்பிக்குள்ள எலக்ட்ரான், கரைசலுக்குள்ள அயனி, ரெண்டும் மின்வாயோட பரப்புல சந்திக்குது.

நேர் அயனி ஏன் பிளஸ் பக்கம் போகுது?

மேல சொன்ன 2வது பாயின்ட்ல யோசிக்கிற பையன் ஒருத்தன் கண்டிப்பா கையைத் தூக்குவான். டேனியல் செல்ல கேத்தோடு பிளஸ், நேர் அயனி எதுக்கு அங்க போகுது, ஒரே குறி விலக்கணும் இல்லையான்னு. பல புத்தகம் இதைக் கண்டுக்காம தாண்டிடும், ஆனா இதுக்குப் பதில் தெரிஞ்சாதான் உப்புப் பாலம் (ரெண்டு அறைக் கரைசலையும் இணைக்கிற, உப்பு நிரப்பின குழாய்) எதுக்குன்னே புரியும்.

காப்பர் தகட்டுக்கிட்ட என்ன நடக்குது? காப்பர் 2+ அயனிகள் கரைசலை விட்டு உலோகமா படிஞ்சுகிட்டே இருக்கு. ஆனா அதோட ஜோடியா இருந்த சல்ஃபேட் அயனிகள் அங்கேயே நிக்குது, அதனால அந்தக் கரைசல்ல எதிர் மின்சுமை மிஞ்சப் பார்க்குது. அந்தப் பக்கம் ஜிங்க் அறையில புதுசு புதுசா ஜிங்க் 2+ வந்து சேர்ந்து நேர் மின்சுமை மிஞ்சப் பார்க்குது. இப்படியே விட்டா ஒரு நொடி கூட செல் ஓடாது, ஏன்னா நேர் சுமை மிஞ்சின கரைசலுக்குள்ள இன்னொரு ஜிங்க் அயனி இறங்கிறது கஷ்டம். உப்புப் பாலம் இந்த மிச்சத்தைச் சரிக்கட்டுது: அதுலேர்ந்து நேர் அயனி காப்பர் அறைக்கும் எதிர் அயனி ஜிங்க் அறைக்கும் போகும். அயனியை இழுக்கிறது தகட்டுல போட்டிருக்கிற பிளஸ் மைனஸ் குறி இல்ல, வினையால கரைசல்ல உண்டாகிற பற்றாக்குறைதான்.

பாலத்துல வழக்கமா பொட்டாசியம் குளோரைடை அகர் ஜெல்லோட கலந்து வைப்பாங்க, பொட்டாசியம் அயனியும் குளோரைடு அயனியும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல நகரும்ங்கிறதால. ஆனா ஒரு அறையில சில்வர் நைட்ரேட் இருந்தா இதைப் போடக்கூடாது, சில்வர் குளோரைடு வெள்ளையா படிஞ்சு பாலமே அடைச்சுக்கும், அங்க பொட்டாசியம் நைட்ரேட்தான் போடணும்.

எத்தனை வோல்ட்?

ஒவ்வொரு மின்வாய்க்கும் எலக்ட்ரானை வாங்கிக்கிற ஆசை எவ்வளவுங்கிறதை ஒரு எண்ணா எழுதி வச்சிருக்காங்க, அது திட்ட மின்வாய் மின்னழுத்தம். ஹைட்ரஜன் மின்வாயை 0ன்னு வச்சு மத்ததை எல்லாம் அதோட ஒப்பிட்டது. காப்பருக்கு +0.34 வோல்ட், ஜிங்க்குக்கு −0.76 வோல்ட். கேத்தோடு மதிப்புலேர்ந்து ஆனோடு மதிப்பைக் கழிச்சா 0.34 − (−0.76) = 1.10 வோல்ட். டேனியல் செல் தர்ற மின்னழுத்தம் அது.

விடை பிளஸ்ஸா வந்தா வினை தானா நடக்கும், மைனஸ்ஸா வந்தா வெளியிலேர்ந்து தள்ளணும். பொருளோட அளவைக் கூட்டினா இந்த வோல்ட் மாறாது. பெரிய தகடு வச்சா அதிக மின்னோட்டம் எடுக்கலாம், அதிக நேரம் ஓட்டலாம், ஆனா 1.10 அப்படியேதான். சமன்பாட்டை 2 ஆல பெருக்கும்போது மின்னழுத்தத்தையும் 2 ஆல பெருக்கிடறது ரொம்ப சகஜமான தப்பு.

தண்ணீரை ஹைட்ரஜனாவும் ஆக்ஸிஜனாவும் பிரிக்க குறைஞ்சது 1.23 வோல்ட் வேணும்னு படிச்சிருப்பீங்க, அந்த எண் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தா சுவாரஸ்யம். 1 மோல் தண்ணீரைப் பிரிக்கத் தேவையான கட்டிலா ஆற்றல் (மின்சாரமா கொடுத்தே ஆகவேண்டிய குறைஞ்சபட்ச ஆற்றல்) சுமார் 237 கிலோஜூல், அதுக்கு 2 மோல் எலக்ட்ரான் கைமாறணும், 1 மோல் எலக்ட்ரானோட மின்சுமை 96,500 கூலும். 2,37,000 ஐ 2 × 96,500 ஆல வகுத்தா 1.23. அவ்வளவுதான், ஆற்றலையே வோல்ட் கணக்குல எழுதியிருக்காங்க. நிஜத்துல 1.23 வச்சா குமிழி ஒண்ணும் பெருசா வராது, மின்வாய் பரப்புல வினை மெதுவா நடக்கிறதால அதைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலா தள்ளணும். இந்தக் கூடுதலுக்கு மிகை மின்னழுத்தம்னு பேரு. அடுத்த பகுதிக்கு இது ரொம்ப முக்கியம்.

மின்வாய்ல யாரு ஜெயிக்கிறாங்க?

உருகின உப்புன்னா பிரச்சனையே இல்ல. உருகின லெட் புரோமைடுல இருக்கிறது ரெண்டே அயனி, கேத்தோடுல லெட், ஆனோடுல பழுப்பு நிறப் புரோமின் ஆவி, முடிஞ்சது. தண்ணீர் கரைசல்ல தண்ணீரும் போட்டிக்கு வந்துடும், அதனால ஒவ்வொரு மின்வாய்லயும் இப்படிக் கேட்டுப் பார்க்கணும்:

1. கேத்தோடுல யார் யார் எலக்ட்ரான் வாங்கத் தயாரா இருக்காங்க? உலோக அயனி, தண்ணீர் ரெண்டு பேரும். சோடியத்துக்கு −2.71, பொட்டாசியத்துக்கு −2.93, அலுமினியத்துக்கு −1.66. இவங்க எல்லாம் தண்ணீர்கிட்ட தோத்துடுவாங்க, அதனால ஹைட்ரஜன்தான் வரும். காப்பர், சில்வர் சுலபமா ஜெயிப்பாங்க, உலோகம் படியும்.
2. ஆனோடு கரையக்கூடிய உலோகமா? ஆமான்னா பெரும்பாலும் அந்த உலோகமே எலக்ட்ரானை விட்டுட்டு கரைஞ்சுடும், அயனிகளுக்கு வாய்ப்பே வராது.
3. ஆனோடு பிளாட்டினம், கிராஃபைட் மாதிரி கரையாததுன்னா எதிர் அயனிக்கும் தண்ணீருக்கும் போட்டி. சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் விட்டுக்கொடுத்துடும், ஆக்ஸிஜன் வரும். அயோடைடும் புரோமைடும் பொதுவா ஜெயிக்கும்.
4. குளோரைடுன்னா செறிவைப் பார்க்கணும்.

4வதுதான் தகராறு பிடிச்சது. திட்ட மின்வாய் மின்னழுத்த அட்டவணைப்படி பார்த்தா ஆக்ஸிஜன் வர 1.23, குளோரின் வர 1.36. அப்ப தண்ணீர்தானே எலக்ட்ரானை முதல்ல விடணும்? ஆனா செறிவான உப்புக்கரைசல்ல வர்றது குளோரின். ஆக்ஸிஜன் உருவாக 4 எலக்ட்ரான் போகணும், பிணைப்பு உடைஞ்சு புதுப் பிணைப்பு வரணும், படிப்படியா நடக்கிற மெதுவான வினை, அதனால அதுக்கு மிகை மின்னழுத்தம் அதிகம். குளோரினுக்கு அது குறைவு, கூடவே குளோரைடு அயனி கூட்டமாவும் இருக்கு. ரொம்ப நீர்த்த கரைசல்னா ஆக்ஸிஜன் முந்திக்கும். இதனால அட்டவணை தப்புன்னு ஆகிடாது, எது சுலபம்னு மட்டும்தான் அது சொல்லும், எது வேகம்னு சொல்லாது. உலகத்துல குளோரினும் காஸ்டிக் சோடாவும் தயாராகிறதே இந்த வேக வித்தியாசத்தை நம்பித்தான்: ஆனோடுல குளோரின், கேத்தோடுல ஹைட்ரஜன், மிச்சமா கரைசல்ல சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா.

2வது பாயின்ட்டுக்கு உதாரணம் காப்பர் சல்ஃபேட். கிராஃபைட் மின்வாய் வச்சா கேத்தோடுல காப்பர், ஆனோடுல ஆக்ஸிஜன், நீல நிறம் மங்கிகிட்டே போகும், கரைசல் அமிலமா மாறும். அதையே காப்பர் மின்வாய் வச்சுப் பண்ணினா ஆனோடு கரையும், கேத்தோடு தடிக்கும், நிறம் மாறவே மாறாது. இதுதான் காப்பர் சுத்திகரிப்பு. அசுத்தமான காப்பரை ஆனோடா வச்சா ஜிங்க், இரும்பு மாதிரி ஆளுங்க கரைஞ்சு கரைசல்லயே தங்கிடுவாங்க, சில்வரும் தங்கமும் கரையாம அடியில சேறா விழும், அந்தச் சேறை வீணாக்காம எடுத்து வித்துடுவாங்க. கேத்தோடுல சேர்றது 99.99 சதவீதம் அளவுக்குச் சுத்தமான காப்பர்.

எவ்வளவு கிடைக்கும்?

ஃபாரடே விதியை மனப்பாடம் பண்றதை விட எலக்ட்ரானை எண்ணிடறது சுலபம். 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 30 நிமிஷம் காப்பர் சல்ஃபேட் வழியா விடறோம்னு வைங்க.

1. மின்சுமை = 2 × 1,800 நொடி = 3,600 கூலும்.
2. எலக்ட்ரான் மோல் = 3,600 / 96,500 = 0.0373.
3. ஒரு காப்பர் அயனிக்கு 2 எலக்ட்ரான், அதனால காப்பர் 0.01865 மோல்.
4. நிறை = 0.01865 × 63.5 = சுமார் 1.18 கிராம்.

இதே மின்சுமையை சில்வர் நைட்ரேட்ல விட்டா சில்வருக்கு 1 எலக்ட்ரான் போதும்கிறதால 0.0373 × 108 = சுமார் 4.03 கிராம். நிமிஷத்தை நொடியா மாத்தாம விடறதும், 3வது படியில அயனியோட மின்சுமையால வகுக்க மறக்கறதும்தான் மார்க் போற இடங்கள், மத்தபடி இதுல கணக்குன்னு ஒண்ணும் கிடையாது.

இப்ப இதையே பெருசா போட்டுப் பார்ப்போம். அலுமினியம் அயனி 3+, அணு நிறை 27. 1 கிலோ அலுமினியம்னா 37 மோல், எலக்ட்ரான் 111 மோல், மின்சுமை சுமார் 1 கோடியே 7 லட்சம் கூலும். செல்லுக்கு 4.2 வோல்ட்னு வச்சுக்கிட்டா ஆற்றல் சுமார் 12.5 கிலோவாட் மணி, அதாவது கிலோவுக்குப் பன்னிரண்டரை யூனிட் கரண்ட். நிஜ ஆலைகள்ல 13லேர்ந்து 15 வரைக்கும் ஆகுது. அலுமினிய ஆலைக்காரங்க மலிவான மின்சாரம் இருக்கிற இடத்தைத் தேடிப் போறது ஏன்னு இந்த 4 வரிக் கணக்கே சொல்லிடும்.

அலுமினியத்தைத் தண்ணீர் கரைசல்லேர்ந்து எடுக்க முடியாது, ஹைட்ரஜன் ஜெயிச்சிடும்னு பார்த்தோம். அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடு) உருக்கலாம்னா 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல போகணும். இதனாலேயே 1884ல வாஷிங்டன் நினைவுத் தூணோட உச்சில வைக்க அலுமினியத்தை அரிய உலோகம் மாதிரி தேர்ந்தெடுத்தாங்க. 1886ல அமெரிக்காவுல சார்லஸ் மார்ட்டின் ஹாலும் ஃபிரான்ஸ்ல பால் எரூவும் தனித்தனியா ஒரே வழியைக் கண்டுபிடிச்சாங்க: உருகின கிரையோலைட்ல (சோடியமும் அலுமினியமும் ஃபுளோரினும் சேர்ந்த ஒரு கனிமம்) அலுமினாவைக் கரைச்சா சுமார் 950 டிகிரியிலயே வேலை நடக்கும். ஆனோடு கார்பன், அங்க வர்ற ஆக்ஸிஜன் கார்பனையே எரிச்சு கார்பன் டை ஆக்சைடா போயிடும், அதனால ஆனோடை அடிக்கடி மாத்திகிட்டே இருக்கணும்.

துருப்பிடிக்கிறதும் ஒரு செல்தான்

திட்ட மின்வாய் மின்னழுத்தம் இரும்புக்கு −0.44, ஜிங்க்குக்கு −0.76, டின்னுக்கு −0.14. ரெண்டு உலோகம் ஒட்டியிருந்தா எண் குறைவா இருக்கிறதுதான் எலக்ட்ரானை விடும். இரும்பு மேல ஜிங்க் பூசியிருந்து கீறல் விழுந்தாலும் ஜிங்க்தான் ஆனோடா மாறி கரையும், இரும்பு பிழைச்சுக்கும். டின் பூசின டப்பால கீறல் விழுந்தா தலைகீழ், இரும்பு ஆனோடு ஆகிடும், பூசாத இரும்பை விட வேகமா அந்த இடத்துல துரு ஏறும். டின் நல்ல பாதுகாப்புதான், கீறல் விழாத வரைக்கும்.

ரீசார்ஜ் பேட்டரில பேர் மாறுமா?

ஆரம்பக் குழப்பம் உச்சத்துக்கு வர்றது இங்கதான், ஏன்னா ரீசார்ஜ் பேட்டரிங்கிறது ஒரே டப்பாக்குள்ள ரெண்டு வகை செல்லும். லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துக்குங்க, 1859ல காஸ்டன் பிளான்டே செஞ்சது, ஒரு செல்லுக்கு சுமார் 2 வோல்ட், 6 செல் சேர்ந்தா 12.

1. பேட்டரி வேலை செய்யும்போது: லெட் தகடு எலக்ட்ரானை விட்டு லெட் சல்ஃபேட் ஆகுது. ஆக்ஸிஜனேற்றம், அதனால ஆனோடு. குறி மைனஸ்.
2. சார்ஜ் ஏறும்போது: அதே தகட்டுல லெட் சல்ஃபேட் எலக்ட்ரானை வாங்கி மறுபடி லெட் ஆகுது. ஒடுக்கம், அதனால கேத்தோடு. குறி இப்பவும் மைனஸ்.

குறி நிலையா நிக்குது, பேர்தான் புரளுது. பேட்டரி மேல பிளஸ் மைனஸ் மட்டும் அச்சடிச்சு ஆனோடு கேத்தோடுன்னு போடாததுக்கு இதை விட நல்ல காரணம் வேணுமா?

ஆனா லித்தியம் அயான் பேட்டரி பத்தி வர்ற செய்திகள்ல கிராஃபைட் பக்கத்தை எப்பவுமே ஆனோடுன்னுதான் எழுதுவாங்க, சார்ஜ் ஏறும்போது கூட. பேட்டரி துறையோட வழக்கம் அது, வேலை செய்யும்போது இருக்கிற பேரையே நிரந்தரப் பேரா வச்சுக்கிட்டாங்க. பாடப்புத்தகக் கணக்குப்படி சார்ஜ் ஏறும்போது அது கேத்தோடு. செய்தி படிக்கும்போது ஆனோடுன்னா மைனஸ் பக்கம்னு எடுத்துக்கிட்டா போதும், பரீட்சையில மட்டும் அப்படி எழுதிடாதீங்க.

போட்டி பத்தி மேல பார்த்ததும் இந்த கிராஃபைட்ல வேற ரூபத்துல நடக்குது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனி கிராஃபைட் அடுக்குகளுக்குள்ள நுழையணும், அதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ரொம்பக் குளிர்ல வேகமா சார்ஜ் போட்டா உள்ள நுழையறது பின்தங்கிடும், எலக்ட்ரான் மட்டும் வந்து குவிஞ்சுகிட்டே இருக்கும், அயனிகள் பரப்புலயே லித்தியம் உலோகமா படிய ஆரம்பிக்கும். அந்தப் படிவு சில சமயம் ஊசி மாதிரி வளர்ந்து நடுவுல இருக்கிற தடுப்பைத் துளைச்சுட்டா ரெண்டு மின்வாயும் நேரா ஒட்டிக்கும், டேனியல் கம்பி வழியா சுத்தி அனுப்பின எலக்ட்ரான் இங்க குறுக்கு வழியில பாய்ஞ்சு, வர வேண்டிய மின்சாரம் எல்லாம் வெப்பமா போகும். மின்சாரக் கார்கள் குளிர்ல சார்ஜ் வேகத்தைத் தானா குறைச்சுக்கிறதும், முதல்ல பேட்டரியைச் சூடாக்கிட்டு அப்புறமா வேகமா ஏத்துறதும் இதுக்காகத்தான்.